விளக்கைக் கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்

வாசகர் கேள்வி – பதில்: வீட்டு மின்சாமான்கள்

ஐப்பசி பிறந்துவிட்டால் எனக்கு வருகிற கடிதங்களில் பாதி விளக்கைப் பற்றித்தான் இருக்கும். மிக்சியும் கிரைண்டரும் பின்னுக்குப் போய்விடும். இந்த மாதம் வந்தவற்றில் ஐந்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் கடிதத்துக்குத்தான் நீளமான பதில். மற்றவர்களும் அதைப் படித்துவிட்டு வந்தால் தங்கள் பதில் எளிதாகப் பிடிபடும்.

கேள்வி: ஐயா, கஜா புயலுக்குப் பிறகு இதுவரை நான்கு எமர்ஜென்சி லைட் வாங்கிவிட்டேன். எதுவும் இரண்டாவது மழைக்காலத்தைத் தாண்டவில்லை. நான்காவதும் போன வாரம் கரண்ட் போன பத்தாவது நிமிடத்தில் மங்கிவிட்டது. கடைக்குக் கொண்டுபோனால், "இதுக்குப் பேட்டரி மாத்த முடியாதும்மா, புதுசு வாங்கிக்கோங்க" என்கிறார்கள். மாமியாருக்கு எண்பது வயது. ராத்திரியில் இரண்டு மூன்று முறை எழுந்து கொல்லைப்பக்கம் போவார். ஆயிரம் ரூபாய்க்குள், பேட்டரியை நாமே மாற்றிக்கொள்கிற மாதிரி ஒரு விளக்கு சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, தலைஞாயிறு

பதில்: அம்மா, எனக்குத் திருத்துறைப்பூண்டி. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறியபோது, நானும் உங்களைப் போல ஒரு சார்ஜ் லைட்டை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன். விடிந்து கதவைத் திறந்தால் தென்னை மரங்கள் தெருவோடு தெருவாகக் கிடந்தன, மின்கம்பங்கள் பாதியில் முறிந்து நின்றன. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர 19 நாள் ஆயிற்று. உங்கள் பக்கம் இன்னும் அதிகமாக ஆகியிருக்கும்.

மூன்றாம் நாள் ராத்திரி என் விளக்கு நின்றுபோனது. பகலில் ஜெனரேட்டர் வைத்திருந்த ஒருவர் வீட்டு வாசலில் வரிசையில் நின்று சார்ஜ் போட்டு வாங்கி வந்ததுதான், ஆனாலும் ஏறவில்லை. சரி, திறந்து பார்க்கலாம் என்று திருப்புளியை எடுத்தால், அதில் திருகு என்று ஒன்றுமே இல்லை. மூடியைச் சுற்றிலும் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் ரம்பத் தகட்டை வைத்து ஓரமாக அறுத்தேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. உள்ளே இருந்தது என்ன தெரியுமா? கட்டைவிரல் பருமனில் ஒரே ஒரு லித்தியம் செல். பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்தால் ஆறு கிடைக்குமே, அதே அளவு. என் மேஜை டிராயரில் அப்படிப்பட்டவை ஏழெட்டு கிடந்தன. ஒன்றை மாற்றிப் போட்டு, மூடியை இன்சுலேஷன் டேப்பால் சுற்றினேன். மீதி 16 நாளும் அது எரிந்தது.

நான் முப்பது வருடத்துக்கு மேல் ரேடியோ, டேப் ரிக்கார்டர், டி.வி. என்று ரிப்பேர் பார்த்தவன், அதனால் அறுத்துப் பார்க்கத் தைரியம் வந்தது. பக்கத்துத் தெருவில் அதே விளக்கை வைத்திருந்தவர் என்ன செய்திருப்பார்? தூக்கிப் போட்டிருப்பார். நல்ல எல்.இ.டி., நல்ல சுவிட்ச், நல்ல பெட்டி, எல்லாம் ஒரு சின்னச் செல்லுக்காகக் குப்பைக்குப் போயிருக்கும். மூடியில் நாலு திருகு வைப்பதற்கு எவ்வளவு செலவாகிவிடும்? அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை. உங்களுடைய நான்கு விளக்கும் இப்படித்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்த வகை விளக்கில் முதலில் சாவது பேட்டரிதான். நல்ல எல்.இ.டி. பல்லாயிரம் மணி நேரம் எரியும். பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும், கவனிக்காமல் விட்டால் ஒரே வருடத்திலும் போகும். ஆகவே விளக்கு வாங்கப் போகும்போது பேட்டரியை வாங்கப் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் விளக்கைப் போட்டுக் காட்டுவார். புது விளக்கு எதுவாக இருந்தாலும் கடைக்குள் பளிச்சென்றுதான் எரியும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கையில் வாங்கிக் கவிழ்த்துப் பாருங்கள். அடியிலோ முதுகிலோ ஒரு தனி மூடி இருக்க வேண்டும். அதைச் சாதாரண நட்சத்திரத் திருப்புளியால் திறக்க முடிய வேண்டும், அல்லது கையாலேயே திருகித் திறக்கிற மாதிரி இருக்க வேண்டும். திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். உள்ளே டார்ச் லைட்டில் இருப்பது போல ஒரு முனையில் ஸ்பிரிங், மறு முனையில் தகடு, நடுவில் செல் என்று இருந்தால் அதுதான் நீங்கள் தேடுவது. செல்லின் மேல் நிக்கல் பட்டையைப் பற்றவைத்து அதிலிருந்து ஒயர் இழுத்திருந்தால், மாற்றுவதற்கு ரிப்பேர்காரரிடம்தான் போக வேண்டும். ஒயரின் முனையில் கழற்றி மாட்டும் பிளக் இருந்தால் ஓரளவு பரவாயில்லை.

அப்புறம் செல்லின் மேல் எழுதியிருக்கும் எண்ணைப் படியுங்கள். 18650 என்று இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு முன்னே போகலாம். அது கம்பெனி வைத்த ரகசிய எண் கிடையாது, அளவுதான். 18 என்பது மில்லிமீட்டரில் விட்டம், 65 நீளம், கடைசிச் சுழியம் உருளை வடிவம் என்பதைச் சொல்கிறது. டார்ச், பவர் பேங்க், லேப்டாப் என்று எத்தனையோ சாமான்களில் இதே செல் இருப்பதால் மன்னார்குடியிலும் கிடைக்கும், நாகப்பட்டினத்திலும் கிடைக்கும். அந்தக் கம்பெனிக்கே உரிய விசித்திர அளவில் தட்டையாக ஒரு பேட்டரி இருந்தால், இரண்டு வருடம் கழித்து அதைத் தேடி நீங்கள் அலைய முடியாது.

எவ்வளவு நேரம் எரியும் என்பதை அட்டைப்பெட்டியைப் பார்த்து நம்ப வேண்டாம், வீட்டிலேயே கணக்குப் போடலாம். செல்லில் 2600 எம்.ஏ.எச். என்று இருந்தால் 2.6 ஆம்பியர் மணி. அதை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 9.6 வாட் மணி. வழியில் கொஞ்சம் வீணாவதைக் கழித்து எட்டு என்று வையுங்கள். விளக்கு 2 வாட் என்றால் நாலு மணி நேரம், அதையே அரை வாட்டுக்குத் தணித்தால் பதினாறு மணி நேரம். 2 வாட் நல்ல எல்.இ.டி. ஒரு நடுத்தர அறையில் சமைக்கவும் சாப்பிடவும் போதும். ராத்திரி முழுக்க எரிய வேண்டிய விளக்குக்கு அரை வாட்டே தாராளம்.

உங்கள் மாமியாருக்காக இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள். ஒரே பொத்தானை அமுக்க அமுக்க ஒவ்வொன்றாக மாறுகிற விளக்கு வேண்டாம். பெரிய வெளிச்சம், சின்ன வெளிச்சம், பிறகு கண்ணைப் பறிக்கிற மாதிரி மின்னுவது என்று போகும். தூக்கக் கலக்கத்தில் எழுந்தவர் அதை ஒன்றுக்கு இரண்டாக அமுக்கிவிட்டால் மின்னல் வெளிச்சத்தில் தடுமாறி விழுந்துவிடுவார். திருகித் தணிக்கிற குமிழ் இருந்தால் அதுதான் நல்லது, கை வைத்துப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். நிறம் வெள்ளையாக வேண்டாம், பழைய குண்டு பல்பு மாதிரி மஞ்சளாகப் பாருங்கள். பிறகு விளக்கை உயரத்தில் தொங்கவிடாதீர்கள். கொல்லைக்குப் போகும் வழியில் நிலைப்படிக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்தில் வையுங்கள். படியின் விளிம்பு அப்போதுதான் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். என் அம்மாவுக்கு நான் அப்படித்தான் வைத்திருந்தேன்.

சார்ஜ் போடும் துளை டைப்-சி ஆக இருந்தால் வீட்டில் இருக்கும் செல்போன் சார்ஜரே போதும். அதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. விலை குறைந்த விளக்குகள் பலவற்றில் இரண்டு முனையும் சி ஆக இருக்கும் கேபிளைப் போட்டால் சார்ஜே ஏறாது. விளக்குக் கெட்டுப்போய்விட்டது என்று திருப்பிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். ஒரு முனை பழைய அகல யு.எஸ்.பி. ஆக இருக்கும் கேபிளைப் போடுங்கள், ஏறும். இதற்கு மாறாக, விளக்கின் முதுகிலிருந்தே இரண்டு பின் நீட்டிக்கொண்டு நேராகச் சுவர் பிளக்கில் செருகுகிற வகை இருக்கிறதே, அதை வாங்கவே வாங்காதீர்கள். காரணத்தை மூன்றாவது கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

கம்பெனிப் பெயர் சொல்லுங்கள் என்று கேட்பீர்கள். சொல்லாததற்குக் காரணம், ஒரே பெயரில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உள்ளே இருப்பதை மாற்றிவிடுகிறார்கள். போன வருடம் திருகு வைத்த விளக்கை இந்த வருடம் ஒட்டி விற்பதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர்க் கடைகளில் நான் சொன்ன வகை விளக்கு 600லிருந்து 800 ரூபாய்க்குள் கிடைக்கிறது. மீதிப் பணத்தில் உதிரிச் செல் ஒன்று இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள். பாதி சார்ஜில், ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் தனியாக வையுங்கள். சாவிக்கொத்து, சில்லறை இருக்கும் டிராயரில் போட்டால் இரண்டு முனையும் உலோகத்தில் பட்டுச் சூடேறித் தீப்பிடிக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை விளக்கில் மாட்டிக் கொஞ்சம் சார்ஜ் ஏற்றிவிட்டுத் திரும்ப எடுத்து வையுங்கள்.

மாற்றும்போது பிளஸ், மைனஸ் பார்த்துப் போடுங்கள். விலை குறைந்த விளக்குகளில் தலைகீழாகப் போட்டால் காப்பாற்றுகிற ஏற்பாடு பெரும்பாலும் இருக்காது, போர்டு அந்த நொடியே போய்விடும். சில செல்களின் அடியில் பாதுகாப்புக்காக ஒரு சின்ன வட்டப் போர்டு வைத்திருப்பார்கள். நல்லதுதான், ஆனால் நீளம் 69, 70 மில்லிமீட்டர் ஆகிவிடும். அது உள்ளே நுழையாது என்றால் திணிக்காதீர்கள். பழைய செல்லைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குவதே வழி. இரண்டு செல் போடும் விளக்காக இருந்தால் இரண்டையும் ஒன்றாகவே மாற்றுங்கள், ஒரே வகையில், ஒரே அளவு சார்ஜில்.

கேள்வி: 9900 எம்.ஏ.எச். என்று எழுதிய 18650 செல் இரண்டு, 120 ரூபாய்க்கு வாங்கினேன். என் பழைய 2200 செல்லைவிடச் சீக்கிரமே தீர்ந்துவிடுகிறது. விளக்கில் கோளாறா?
– ஒரு கல்லூரி மாணவர், விருதுநகர்

பதில்: விளக்கில் ஒன்றுமில்லை தம்பி, செல்லின் மேல் எழுதியிருப்பது பொய். லித்தியம் அயான் பேட்டரி 1991இல் விற்பனைக்கு வந்ததிலிருந்து எவ்வளவோ முன்னேறியிருக்கிறது. ஆனாலும் கடையில் கிடைக்கும் 18650 அளவுச் செல்லில் நல்ல கம்பெனிகளால் அடைக்க முடிந்தது 3500 எம்.ஏ.எச். வாக்கில்தான். அந்த உருளைக்குள் இடம் அவ்வளவுதான். 5000, 6800, 9900 என்று எழுதியிருந்தால் விலையைக்கூடக் கேட்க வேண்டாம்.

மளிகைக் கடையில் எலக்ட்ரானிக் தராசு இருக்கிறதா? அதில் வைத்துப் பார். நல்ல செல் 45 கிராம் வாக்கில் இருக்கும். முப்பது, முப்பத்தைந்து கிராம்தான் வருகிறது என்றால் உள்ளே சரக்குக் குறைவு என்று அர்த்தம். இப்படிச் சிக்கிய செல்லை அறுத்துப் பார்க்க ஆசைப்படாதே. லித்தியம் செல்லைக் குத்தினாலும் வெட்டினாலும் தீப்பிடிக்கும். நான் அன்றைக்கு அறுத்தது விளக்கின் பெட்டியைத்தான், செல்லை அல்ல.

நம் நாட்டில் விற்கிற லித்தியம் செல்லுக்கு பி.ஐ.எஸ். என்கிற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு கட்டாயம். ஐ.எஸ். 16046 என்ற எண்ணும் அதற்குப் பக்கத்தில் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் அச்சிட்டிருக்க வேண்டும். 2200, 2600 என்று அடக்கமாக எழுதி, இந்த எண்களும் இருந்து, விலை 150க்கு மேல் இருந்தால் வாங்கலாம். கையில் மல்டிமீட்டர் இருந்தால் முழு சார்ஜில் 4.2 வோல்ட் காட்ட வேண்டும். பல மாதம் போட்டு வைத்து 2.5க்கும் கீழே இறங்கிவிட்ட செல்லுக்கு மறுபடி சார்ஜ் ஏற்றாதே. ஏறுகிற மாதிரி தெரியும், ஆனால் உள்ளே சேதமாகியிருக்கும்.

கேள்வி: எங்கள் வீட்டில் 12 வருடப் பழைய எமர்ஜென்சி லைட் உள்ளது. கனமான 6 வோல்ட் பேட்டரி. அது உப்பிவிட்டது. அதை எடுத்துவிட்டு லித்தியம் செல் இரண்டு போட்டால் எடை குறையும், நீண்ட நாள் உழைக்கும் என்கிறான் மகன். செய்யலாமா?
– ஒரு வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: கூடாது. மகனிடம் உடனே சொல்லிவிடுங்கள். லித்தியம் செல்லை 4.2 வோல்ட்டோடு நிறுத்தத் தெரிந்த சார்ஜர் வேண்டும். உங்கள் விளக்கில் இருப்பது ஈய பேட்டரிக்கான சார்ஜர், அதற்கு அந்தக் கணக்குத் தெரியாது. இரண்டு செல்லைப் பக்கம் பக்கமாக இணைத்தால் 4.2க்கு மேலே தள்ளிக்கொண்டே போகும். வீட்டுக்குள் தீ என்பது அதில்தான் தொடங்கும்.

ஆனால் அந்த விளக்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 12 வருடம் உழைத்த பெட்டி, திறக்கக்கூடிய மூடி, இன்றைக்கு வருகிற விளக்குகளில் பலவற்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பேட்டரியின் மேல் 6 வோல்ட் 4.5 ஏ.எச். என்று எழுதியிருக்கும். இது மிகச் சாதாரணமான அளவு. தேனியில் பேட்டரிக் கடையில் கேளுங்கள், எடை மிஷினுக்குப் போடுகிற பேட்டரி என்று சொன்னாலும் எடுத்துக் கொடுப்பார்கள். முக்கால் கிலோ எடை இருக்கும். தகட்டு முனையில் சிவப்பு ஒயர் பிளஸ், கறுப்பு மைனஸ், செருகினால் முடிந்தது வேலை. வாங்கும்போது கடையிலேயே மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 6.3, 6.4 வோல்ட் காட்டினால் நல்ல சரக்கு. 6க்குக் கீழே காட்டினால் கடையில் நாள்பட்டுக் கிடந்தது, வேண்டாம்.

உப்பியதற்குக் காரணம் கிட்டத்தட்ட உறுதியாக ஓயாத சார்ஜ்தான். எப்போதும் பிளக்கில் மாட்டியே வைத்திருந்தீர்களா? பழைய விளக்குகளில் பல, நிறைந்ததும் தானாக நிற்காது. உள்ளே இருக்கும் தண்ணீர் வாயுவாகிப் போய், சூடேறி, பெட்டி புடைத்துவிடும். அதற்கு நேர்மாறான தவறும் உண்டு. எரித்துத் தீர்த்துவிட்டு அப்படியே பரணில் போடுவது. ஈய பேட்டரி காலியாகக் கிடந்தால் தகட்டில் உப்புப் படிந்து இறுகிவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் ஏறாது. ஆகவே கரண்ட் வந்ததும் அன்றைக்கே சார்ஜ் போடுங்கள், விளக்கோடு வந்த தாளில் சொன்ன நேரத்தில் எடுத்துவிடுங்கள், மழை இல்லாத மாதங்களிலும் மாதம் ஒருமுறை போடுங்கள். அடியோடு மங்கும் வரை எரிக்காமல், வெளிச்சம் லேசாகக் குறையத் தொடங்கியதும் அணைத்தால் இன்னும் ஒரு வருடம் கூட வரும்.

முதல் பதிலில் சொன்ன, பின் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன விளக்குக்கு வருகிறேன். அதன் உள்ளே டிரான்ஸ்பார்மர் கிடையாது. ஒரு கெபாசிட்டர், நாலு டயோடு, அதைத் தாண்டினால் பேட்டரி. 230 வோல்ட் கரண்டுக்கும் விளக்கின் உள் ஒயருக்கும் நடுவில் தடுப்பு எதுவும் இல்லை. சார்ஜ் போட்டபடியே மூடி விலகி, உள்ளே இருக்கும் செம்பில் விரல் பட்டால் ஷாக் அடிக்கும். நிறைந்ததும் நிற்கிற ஏற்பாடும் இருக்காது. குழந்தைகள் இருக்கிற வீட்டில் இதை டார்ச் என்று நினைத்து விளையாடக் கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு பதறுகிறது. ஏற்கெனவே வாங்கியிருந்தால், சார்ஜில் இருக்கும்போது தொடாதீர்கள், பிளக்கிலிருந்து எடுத்த பிறகே சுவிட்சைப் போடுங்கள், வீறல் விட்டிருந்தால் அதோடு விட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் லித்தியம் செல் எதுவும் கிடைப்பதில்லை. ராமநாதபுரத்துக்குத்தான் போக வேண்டும். பெட்டிக்கடையில் கிடைக்கும் பென்சில் செல் போடுகிற விளக்கு வாங்கலாமா?
– ஒரு ஆசிரியை, பாம்பன்

பதில்: தாராளமாக வாங்கலாம். உங்கள் ஊருக்கு அதுதான் சரி என்றுகூடச் சொல்வேன். சார்ஜ் ஏற்றக்கூடிய பென்சில் செல் உண்டு, நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை. ஒன்று 1.2 வோல்ட், 2000 எம்.ஏ.எச். மூன்று போடும் விளக்கில் 7.2 வாட் மணி கிடைக்கும், அதாவது ஒரு நல்ல லித்தியம் செல்லில் முக்கால் பங்கு. புயல் நேரத்தில் சார்ஜ் போட வழியே இல்லாமல் போனால் பெட்டிக்கடைச் செல்லை வாங்கிப் போட்டு எரிக்கலாம். எனக்குத் தெரிந்து வேறு எந்தச் சார்ஜ் விளக்குக்கும் இந்த வசதி இல்லை.

செல் வாங்கும்போது, சார்ஜை நீண்ட நாள் பிடித்து வைக்கிற வகை என்று கேட்டு வாங்குங்கள். "ரெடி டு யூஸ்" என்று மேலே எழுதியிருக்கும். 2005 வாக்கில் வந்த வகை இது. அதற்கு முந்தைய செல்கள் இரண்டு மூன்று மாதத்தில் தானாகவே தீர்ந்துபோகும். இவை ஒரு வருடம் டப்பாவில் கிடந்தாலும் பெரும்பங்கு மிச்சம் இருக்கும். சார்ஜரைத் தனியாக வாங்க வேண்டும், ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்த்து நிறுத்துகிற சார்ஜராக இருந்தால் நல்லது. முதல் செலவு கொஞ்சம் கூடும், ஆனால் நூற்றுக்கணக்கான தடவை ஏற்றலாம்.

பெட்டிக்கடைச் செல்லை ஒருபோதும் சார்ஜரில் போடாதீர்கள். அதையும் சார்ஜ் செல்லையும் கலந்து ஒரே விளக்கில் போடவும் கூடாது. பயன்படுத்தாத மாதங்களில் செல்லைக் கழற்றி வையுங்கள். பாம்பன் உப்புக் காற்றில் ஸ்பிரிங் சீக்கிரம் பச்சை பிடிக்கும். பழைய பல்துலக்கும் பிரஷில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டால் போதும்.

கேள்வி: தலையில் சோலார் தகடு வைத்த விளக்கு 500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. எஸ்டேட்டில் அடிக்கடி கரண்ட் போகும். இதை வாங்கினால் சார்ஜ் கவலையே இல்லையா?
– ஒரு வாசகர், வால்பாறை

பதில்: தகட்டின் அளவைப் பாருங்கள், உள்ளங்கையில் பாதிதான் இருக்கும். ஆறு சென்டிமீட்டருக்கு ஆறு என்றால் உச்சி வெயிலில் நேராகக் காட்டினாலும் அரை வாட்டுக்குக் கொஞ்சம் மேலேதான் தரும். நல்ல வெயில் நாலு மணி நேரம் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 2 வாட் மணி. ஒரு லித்தியம் செல் நிறைய ஐந்து நாள் ஆகும். அதுவும் மதுரை வெயிலில். ஆனி, ஆடியில் வால்பாறையில் சூரியனையே பார்க்க முடியாத நாட்கள் எத்தனை என்பது என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

தகட்டுக்காக விளக்கையே வெயிலில் வைப்பதால் உள்ளே இருக்கும் செல்லும் சேர்ந்து சூடாகிறது, ஆயுள் குறைகிறது. தலைஞாயிறு அம்மாவுக்குச் சொன்ன விளக்கையே வாங்கி, உதிரிச் செல் இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் இருக்கும்போது மூன்றையும் நிறைத்து வைத்தால் தணித்த வெளிச்சத்தில் நாற்பது மணி நேரத்துக்கு மேல் வரும். சோலார் வேண்டுமென்றால் யு.எஸ்.பி. துளையோடு வரும் தனித் தகடு, 5 வாட்டுக்குக் குறையாமல் வாங்குங்கள். தகடு வெயிலில் இருக்கட்டும், விளக்கு நிழலில் இருக்கட்டும்.

பழைய செல்லை என்ன செய்வது என்று இந்த மாதம் மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். ஈய பேட்டரியைப் பேட்டரிக் கடையிலேயே எடையைப் பார்த்துப் பணம் கொடுத்து எடுத்துக்கொள்வார்கள், புதிது வாங்கும்போது கழித்துக்கொள்ளலாம். லித்தியம் செல்லின் இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, செல்போன் ரிப்பேர் கடையில் கொடுங்கள், அல்லது நகராட்சியில் மின்னணுக் கழிவு வாங்கும் நாளில் கொடுங்கள். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு அதைத் தயாரித்து விற்பவர்களுடையது, எனவே வாங்கிய கடையில் கேட்கத் தயங்காதீர்கள். வீட்டுக் குப்பையோடு மட்டும் போடாதீர்கள். அதை அள்ளுகிற வண்டியில் நசுங்கினால் அங்கே நிற்கிற தொழிலாளிக்குத்தான் தீக்காயம்.